குடும்பப் பெயர் கட்டம்

ஜப்பானில் படிக்க விண்ணப்பிப்பது எப்படி என்று வரிசையாகச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வெளிநாட்டு மாணவர்களுக்கான ஈ.ஜே.யு. தேர்வு ஜூனிலும் நவம்பரிலும் நடக்கும், கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும், உதவித்தொகைப் படிவத்துக்குப் புகைப்படம் 4.5க்கு 3.5 சென்டிமீட்டர். எல்லாம் விரல்நுனியில் இருக்கிறது. அதற்குள் அக்கா மகனுக்கு நேற்று அங்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல். தந்தைக்கும் மகனுக்கும் குடும்பப் பெயர் ஏன் வேறாக இருக்கிறது, விளக்கவும்.

என்னத்தை விளக்க?

பையன் க. செந்தில். பெயரைச் சுருக்காமல் எழுதச் சொன்னார்கள், எழுதினோம். குடும்பப் பெயர் கட்டத்தில் கருப்பையா ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்தக் கருப்பையாவோ மு. கருப்பையா, அவர் கட்டத்தில் அவருடைய அப்பா முத்தையா. அக்கா, கல்யாணத்துக்குப் பிறகு க. வள்ளி, அவள் கட்டத்திலும் கருப்பையா. ஆக, படிவத்தின்படி அக்காவும் மகனும் ஒரு குடும்பம். ஆலங்குடிப் பக்கம் கடலை போட்டு, படிப்புச் செலவு முழுவதும் என் பொறுப்பு என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்த மச்சான், யாரோ முத்தையா வீட்டு ஆள்.

போதாததற்குப் பையனை 'திரு. கருப்பையா' என்றே அழைத்து எழுதுகிறார்கள். அக்கா கல்யாணமான நாளிலிருந்து வாய்விட்டுச் சொல்லாத பெயர். மின்னஞ்சலை வாசிக்கும்போது அந்த இடம் வந்ததும் 'அவுக' என்று சொல்லித் தாண்டிப் போகிறாள்.

அங்கே மட்டும் என்ன, ஆதிகாலத்திலிருந்தா எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருந்தது? 1875இல் அரசு கட்டாயமாக்கிய பிறகுதான் சாமானியர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். இன்றைக்குக் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நம் கதை நேர் எதிர். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் போடும் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். விட்டோம். (மனசிலிருந்து விட்டோமா என்பது வேறு கச்சேரி.) விட்ட இடம்தான் இப்போது சிவப்பு நட்சத்திரத்தோடு வந்து நின்று, நிரப்பாமல் நகரவிட மாட்டேன் என்கிறது.

யோசனை சொல்ல ஆளா இல்லை? ஊர்ப் பெயரைப் போடு என்றார் சித்தப்பா. மூன்று பேருக்கும் பொதுவாக ஐயனார் என்று போட்டுவிடு, சாமியும் துணைக்கு வரும் என்றார் பெரியப்பா. பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் செல்லும் என்றதும், பாஸ்போர்ட்டைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்பதுபோல் இரண்டு பேரும் முறைத்தார்கள். அந்தப் பாஸ்போர்ட்டில் கருப்பையாவுக்கு ஒரு 'பி', மதிப்பெண் பட்டியலில் இரண்டு என்பதை நான் இன்னும் வெளியில் சொல்லவில்லை.

இன்று காலை புதுக்கோட்டை கோர்ட்டு வாசலில் அஃபிடவிட் அடிக்கிறவரிடம் போனோம். முத்திரைத்தாளை பிரிண்டரில் செருகிக்கொண்டே, "இவரு பையனோட சொந்த அப்பாதானே சார்?" என்று கேட்டார். மச்சான் அங்கேதான் நின்றார். மின்னஞ்சலில் என்ன இருக்கிறது என்று அவருக்கு முதலிலிருந்து எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நான் ஃபீசு கட்ட வேண்டியதில்லைல, மாப்ளே?"