துபாயில் காபி தேடுவது எப்படி?

துபாய்க்கு வேலைக்கு வருகிறவருக்கு எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. விசா, மருத்துவச் சோதனை, எமிரேட்ஸ் ஐடி என்று எல்லா இடத்துக்கும் கம்பெனி பி.ஆர்.ஓ. கூடவே வருவார். வீடு பிடிக்க ஏஜெண்ட், ஊருக்குப் பணம் அனுப்ப எக்ஸ்சேஞ்ச். காபிக்கு மட்டும் யாரும் கிடையாது. ஆளாளுக்குத் தனியாகத் தவித்து, ஏதோ ஒரு மாலில் எதையோ வாங்கிக் குடித்துவிட்டு, அவசரமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் பொருட்டு இந்தக் குறிப்புகள்.

முதல் வேலை புலம்பல். குடித்துப் பார்த்த பிறகு புலம்பலாம் என்று ஒத்திப்போட வேண்டாம். விமான நிலைய பெல்ட்டில் பெட்டி வருவதற்குள் தொடங்கிவிடுவது நல்லது. ‘என்ன ஊரு சார், ஒரு நல்ல காபி கிடையாது’ என்றால் போதும், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத தமிழரும் நண்பராகிவிடுவார். புலம்பலுக்கு ஒரு பூர்வீகம் தேவை. கும்பகோணம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் பிறந்தது திண்டிவனமாகவும் வளர்ந்தது இன்ஸ்டன்ட் காபியிலுமாக இருக்கலாம். விமானம் ஏறிய பிறகு, காபி விஷயத்தில் தமிழர் அனைவருக்கும் சொந்த ஊர் கும்பகோணம்தான்.

இதில் ஒரு சின்ன தர்மசங்கடம் உண்டு. காபியைக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கத்துக்கு நம்பகமான பழைய சான்று கிடைப்பது 15-ஆம் நூற்றாண்டு ஏமனில்தான். இரவு வழிபாட்டில் கண்ணயராமல் இருக்க சூஃபிகள் குடித்தார்கள். 1511-இல் மக்காவின் ஆளுநர் கயிர் பேக் அதற்குத் தடையே போட்டுப் பார்த்தார். தடை நிற்கவில்லை, காபி நின்றது. அதாவது, காபி என்றால் என்ன என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த தீபகற்பத்தில் நின்றுகொண்டுதான் நீங்கள் இவர்களுக்குக் காபி தெரியாது என்கிறீர்கள். இது நினைவுக்கு வந்தால் புலம்பல் சுரத்துக் குறையும். எனவே நினைக்க வேண்டாம்.

அடுத்து பெட்டி. 30 கிலோவில் எத்தனை கிலோ காபிப்பொடி என்பது குடும்பத்துக்குள் பேசி முடிவெடுக்க வேண்டியது. கராமாவில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும், லுலு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனாலும், அதே கம்பெனிப் பொடி அதே பாக்கெட்டில் அடுக்கியிருக்கும். இருந்தாலும் ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். இங்கே வாங்கினால் ஊர்ப் பொடி மாதிரி வருமா என்று கேட்க முடியாமல் போகும். அரைத்த பொடியின் மணம் சில வாரங்களில் போய்விடும். ஆறு மாதத்துக்கென்று கொண்டுவந்ததில், ஆறாவது மாதம் நீங்கள் குடிப்பது பெரும்பாலும் சிக்கரிதான். அதைத்தான் ‘ஊர் ருசி’ என்று சப்புக்கொட்டுவீர்கள். தடையில்லாமல் கொட்டலாம்.

பெட்டி கட்டுகிற அம்மாவிடம் ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்லிவையுங்கள்: கசகசா கூடாது. அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். காபிப்பொடிக்குப் பக்கத்தில் பாசத்துடன் செருகிய ஒரு பொட்டலம் உங்களைச் சுங்க அதிகாரியின் முன் நிறுத்திவிடும்.

பெட்டியைத் தூக்கும்போது பாபா புடனை நினைத்துக்கொள்வது மரியாதை. 17-ஆம் நூற்றாண்டில் ஹஜ் முடித்துத் திரும்பிய அந்த சூஃபி, ஏமனிலிருந்து ஏழு காபிக் கொட்டைகளை ஒளித்து எடுத்துவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது கர்நாடகத்தில் வழங்கும் கதை. மலைக்கு இன்றும் அவர் பெயர்தான். முளைக்கிற கொட்டை எதுவும் வெளியே போய்விடாதபடி அரபிகள் கட்டிக்காத்த காலம் அது. அவர் ஏழு கொட்டைகளைக் கொண்டுபோனார். நீங்கள் வறுத்து அரைத்துக் கிலோக்கணக்கில் திருப்பிக் கொண்டுவருகிறீர்கள். வட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி சமையலறை. தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே குழாயில் வருவது உப்பு நீக்கிய கடல்நீர். அது மொட்டைமாடித் தொட்டியில் வெயில் குடித்துவிட்டு வரும். ஜூலை, ஆகஸ்டில் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை சுடும். பழகியவர்கள் ஹீட்டரை அணைத்துவிட்டு, கொஞ்சம் ஆறிய தண்ணீருக்காகச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறப்பார்கள். முதல் கோடையில் இதைப் பார்த்து புத்தி பேதலித்து, ஃபில்டரைக் குழாயடியில் நேராகப் பிடித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். டிகாக்‌ஷனுக்குத் தண்ணீர் கொதித்துத்தான் ஆக வேண்டும்.

பால் பிரமாதமாகக் கிடைக்கும். பாலைவனத்தில் மாடு ஏது என்று கேட்பவர்கள் அல் ஐன் பக்கம் போய்ப் பார்க்கலாம். மின்விசிறியும் நீர்த்தூவலும் போட்ட கொட்டகையில், உங்கள் பேச்சிலர் அறையைவிடச் சௌகரியமாக நிற்கின்றன. முழுக் கொழுப்புள்ள ஃபிரெஷ் பாலை வாங்குங்கள். மாதக்கணக்கில் கெடாத அட்டைப்பெட்டிப் பாலில் வேகவைத்த வாடை ஒன்று இருக்கும், காபியைக் கெடுத்துவிடும். ஃபிரெஷ் பாலிலும் ஆடை சரியாகக் கட்டாது. அந்தச் சோகத்தை ஊருக்குப் போன் போடும்போது பயன்படுத்திக்கொள்ளலாம். ஒட்டகப் பாலில் போட்ட கப்பூச்சினோவை ‘கேமலச்சினோ’ என்று விற்கிறார்கள். லேசாக உப்புக்கரிக்கும். ஊரிலிருந்து வரும் மைத்துனருக்கு வாங்கிக் கொடுத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வீட்டில் போட்டுக்கொள்ளச் சோம்பலாக இருந்தால் வெளியே போகலாம். தெருவுக்கு ஒரு கஃபடீரியா இருக்கும். கல்லாவில் பெரும்பாலும் மலையாளி.

“பாய், காபி இருக்கா?”

“நெஸ்கஃபே உண்டு.”

“அது இல்ல பாய், காபி.”

“ஆ, நெஸ்கஃபே. பால் வேணுமா, வேண்டாமா?”

இந்த உரையாடலை அதற்குமேல் வளர்த்துப் பயனில்லை. அந்தக் கடைக்குரிய தெய்வம் கரக் சாயா. தேயிலையும் ஏலக்காயும் எவாபரேட்டட் பாலும் சேர்ந்து கொதித்து, செங்கல் நிறத்தில் காகிதக் கோப்பையில் வரும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டியில் வருபவரும் கடை வாசலில் ஹாரனடித்து, இறங்காமல் கையை மட்டும் நீட்டி வாங்கிக் குடிப்பார். அங்கே போய்க் காபி கேட்பது அவர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

கராமாவிலும் மீனா பஜார் பக்கமும் தென்னிந்திய ஹோட்டல்களில் டபரா செட்டில் ஃபில்டர் காபி வரும். காலை ஏழு மணிக்குப் போனால் முதல் டிகாக்‌ஷன், உண்மையிலேயே நன்றாக இருக்கும். பதினொன்றுக்குப் போனால் அதன் தம்பி. வார விடுமுறை 2022-இல் சனி, ஞாயிறுக்கு மாறியதிலிருந்து ஞாயிறு காலையில் வாசலில் கூட்டம் நிற்கிறது. ஆளுக்கொரு பூர்வீகக் கதையோடு.

மால்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அங்கே விற்பது ஏசியும் நாற்காலியும்; காபி ரசீதுக்காகக் கொடுப்பது. அல் கூஸ் கிடங்குகளுக்கு நடுவே இருக்கும் ரோஸ்டரிகள் வேறு ஜாதி. கொட்டைக்கு இங்கே பஞ்சமில்லை: 2019-இல் ஜெபல் அலியில் காபிக் கொட்டைக்கென்றே ஒரு வணிக மையம் திறந்தார்கள். உலகத்தின் பச்சைக் கொட்டை பலவும் இந்த ஊர் வழியாகப் போகிறது. அல் கூஸில் கோப்பையுடன் ஒரு சின்ன அட்டையும் தருவார்கள். மல்லிகை, பீச் பழம், கரும்புச் சர்க்கரை என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். காபி என்று மட்டும் இருக்காது. குடித்துப் பாருங்கள். நன்றாகவே இருக்கும், அதுதான் சிக்கல். வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிடாதீர்கள், உங்களைக் கும்பகோணத்திலிருந்து தள்ளிவைத்துவிடுவார்கள்.

விலை இருபது திர்ஹத்துக்கு மேல் போகும். அதை ரூபாயில் பெருக்கக் கூடாது. திர்ஹத்தை 1997-இல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போட்டுவிட்டார்கள், அது அசையாது. அசைவது நம் ரூபாய்தான். கடையில் விலை ஏறாமலே உங்கள் மனத்தில் மட்டும் காபி விலை வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருக்கும்.

இப்போது ஒரு நிஜமான உபாயம். தேராவில் சிரியர், லெபனானியர் நடத்தும் வறுவல் கடைகள் இருக்கின்றன, மஹ்மஸா என்பார்கள். முந்திரி, பிஸ்தா, தர்பூசணி விதை என்று குவியல்களுக்கு நடுவே காபி அரைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். பத்தடி தூரத்திலேயே மாம்பலத்தில் காபித்தூள் கடையைக் கடக்கும் மணம் வரும். உள்ளே போய் நின்றால் கடைக்காரர் முதலில் கேட்பது ஏலக்காய் எவ்வளவு என்றுதான். நம் கடையில் ‘சிக்கரி எவ்வளவு சார்?’ என்று கேட்கிற அதே குரல், அதே அலட்சியம். ஏலக்காய் வேண்டாம் என்று சொல்லுங்கள். பரிதாபமாகப் பார்ப்பார், பரவாயில்லை. கருக வறுத்த கொட்டையாகப் பார்த்து, அவர்கள் வழக்கமாக அரைப்பதைவிடக் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லுங்கள். ரக்வே என்னும் பாத்திரத்தில் காய்ச்சும் துருக்கிக் காபிக்கு மாவாக அரைப்பார்கள். அந்தப் பொடியை நம் ஃபில்டரில் போட்டால் ராத்திரி ஊற்றிய தண்ணீர் விடிந்தும் மேல் தட்டிலேயே நிற்கும். சரியாக அரைத்து வாங்கினால், ஆறு மாதப் பெட்டிப் பொடியைத் தோற்கடிக்கும் டிகாக்‌ஷன் இறங்கும். சிக்கரி இல்லாததால் கொஞ்சம் மெலிசாக இருக்கும், அவ்வளவுதான்.

நேரமிருந்தால் அதே தேராவில் எத்தியோப்பியச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் நுழைந்துவிடுங்கள். காபிச் செடி பிறந்த நாட்டவர்கள். பச்சைக் கொட்டையை உங்கள் முன்னாலேயே வறுத்து, அந்தப் புகையை முகர மூக்கருகே கொண்டுவந்து காட்டி, ஜெபனா என்னும் மண் குடுவையில் காய்ச்சி, சாம்பிராணி போட்டு, பாப்கார்னுடன் தருவார்கள். அதே பொடியில் மூன்று சுற்று. மூன்றாவது சுற்றுக்கு ஆசீர்வாதம் என்றே பேர். இரண்டாவது டிகாக்‌ஷனை விருந்தாளிக்குக் கொடுப்பதை நம் வீட்டில் பாவம் என்பார்கள்; இவர்கள் மூன்றாவதை வரம் என்கிறார்கள். மத்தியானம் முழுக்கப் போய்விடும். ஆபீஸ் இருக்கிற நாளில் போகாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் இத்தனை நாளும் மறுத்துக்கொண்டிருந்த காபி. கவனித்திருப்பீர்கள்: அரசு அலுவலகத்தில், ஹோட்டல் முகப்பில், கார் ஷோரூமில் தல்லா என்னும் வளைந்த மூக்குள்ள காபிப் பாத்திரம் ஒன்று நிற்கும், பக்கத்தில் பேரீச்சம்பழத் தட்டு. உங்கள் சட்டைப்பையிலிருக்கும் ஒரு திர்ஹம் நாணயத்தை எடுத்துப் பாருங்கள், 1973-இலிருந்து அதிலும் அந்தத் தல்லாதான். காபி இல்லாத ஊர் என்று சொல்லிக்கொண்டே காபிப் பாத்திரம் பொறித்த காசைக் கொடுத்து டீ வாங்கிக் குடித்திருக்கிறீர்கள். தல்லாவிலிருந்து ஊற்றுவது கஹ்வா. இளவறுப்பாக வறுத்து, இடித்து, ஏலக்காயும் சில வீடுகளில் குங்குமப்பூவும் சேர்த்துக் காய்ச்சியது. வைக்கோல் நிறம். பால் இல்லை, சர்க்கரை இல்லை. முதல் வாயில், யாரோ காபிக்கு வைத்த தண்ணீரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு இரண்டாவது வாய் குடியுங்கள். அப்போது புரியும்.

இந்த உபசாரத்தை 2015-இல் அமீரகம், சவுதி, ஓமன், கத்தார் நான்கும் சேர்ந்து யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏற்றின. சவுதியில் 2022-ஐக் காபி ஆண்டு என்று அறிவித்து, கடைப் பட்டியல்களில் ‘அரபிக் காபி’ என்பதைச் ‘சவுதி காபி’ என்று மாற்றவும் சொன்னார்கள். காபிக்கு ஊர்ப்பெயர் ஒட்டிச் சொந்தம் கொண்டாடுவது நமக்கு மட்டுமே உள்ள வியாதி என்று நினைத்திருந்தால் மனம் ஆறுதலடையலாம்.

குடிக்க முறை இருக்கிறது. ஊற்றுகிறவர் தல்லாவை இடக்கையில் பிடித்திருப்பார். கைப்பிடியில்லாத ஃபின்ஜான் கோப்பையை நீங்கள் வலக்கையால் வாங்க வேண்டும். கால் கோப்பைதான் ஊற்றுவார். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீட்டில் நுரை தளும்ப டம்ளரை நிறைத்தால் மரியாதை. இங்கே கோப்பையை நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். கால் கோப்பை என்பது உட்கார், இன்னும் ஊற்றுகிறேன் என்பது. ஒன்றாவது குடிக்க வேண்டும், மூன்றுக்குமேல் போவது அழகல்ல. நடுவில் பால் கேட்காதீர்கள். கும்பகோணத்தைப் பற்றியும் பேசாதீர்கள். போதும் என்று வாயால் சொன்னால் உபசாரத்துக்குச் சொல்வதாக நினைத்து மறுபடி ஊற்றிவிடுவார். காலிக் கோப்பையை இரண்டு விரலில் பிடித்து லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டித் திருப்பிக் கொடுங்கள், நிறுத்திவிடுவார். காசு கிடையாது.