ஓவன் இட இல்லம் இருளல்: ஓர் ஆராய்ச்சியுரை

'ஓவன் இடின் வீடு இருளும்' என்பது நாமே யாத்த நூற்பா. இது என் சொல்லியதோ எனின், வருஷம் முழுக்கப் பரணில் கிடந்த ஓ.டி.ஜி. அடுப்பைக் கிறிஸ்துமஸ் கேக்குக்காக இறக்கிச் சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் டிரிப்பர் விழுந்து, மின்விசிறி, ஃபிரிட்ஜ், மாமியாரின் சீரியல் யாவும் ஒருசேர அடங்குதலைச் சொல்லியது.

காரணம் யாதெனின், 'லோடு தாங்கவில்லை' என்பார் ஒருசாரார். அது பொருந்தாது. என்னை? 1,500 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் இழுப்பது ஆறரை ஆம்பியர். அதனினும் மிகுதியாக இழுக்கும் கீசர் அதே வீட்டில் தினமும் ஓடுகிறது. ஈ.பி.க்காரர்மேல் பழிபோடுவார் மற்றொரு சாரார். எதிர்வீட்டில் விளக்கு எரிவதால் அதுவும் அடிபடும். அடுப்பின் தலையில் தட்டுவாரும் உளர். அது கொள்கையன்று, வழிபாடு.

நம் துணிபு வருமாறு. காயிலின் உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பிச் சுருள். ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை பெற்ற உலோகக் கலவையின் வழிவந்தது. அதற்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே மக்னீசியம் ஆக்சைடுப் பொடியை இறுக அடைத்திருப்பர். இப்பொடி சூட்டை விடும், கரண்டை விடாது. ஆனால் ஈரத்தைக் கண்டால் குடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முழுதும் பரணில் இருந்து குடித்தபின் அது கரண்டையும் கொஞ்சம் விடத் தொடங்குகிறது. அக்கசிவு குழாய்க்கும், அங்கிருந்து எர்த்துக்கும் போகிறது. ஃபேஸில் போனதையும் நியூட்ரலில் திரும்பியதையும் ஆர்.சி.சி.பி. என்னும் அந்த டிரிப்பர் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் வீட்டையே அணைத்துவிடும். ஆறரை ஆம்பியரில் இது இருநூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனை கறாராகக் கணக்குக் கேட்பவர் நம் குடும்பத்தில் வேறெவரும் இலர்.

'மல்டிமீட்டர் 35 ஓம் காட்டியது. காயில் நல்லதே' எனின், அற்றன்று. 35 ஓம் என்பது சுருள் அறுபடவில்லை என்பதற்கே சான்று. பொடி நனைந்ததற்கு அது வாய் திறவாது. மீட்டரின் சின்ன பேட்டரிக்கு அகப்படாத கசிவு 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் மெக்கர் என்னும் கருவிக்கு அகப்படும். மெக்கர் இல்லாதார் குமிழைத் திருப்பி மேல் காயில், கீழ் காயில் என ஒவ்வொன்றாகப் போட்டு, எதற்கு டிரிப்பர் விழுகிறது என்று நோக்குக.

இனி, எர்த் வயரைக் கழற்றிவிடும் மரபொன்று பல வீடுகளில் வழங்குகிறது. இம்மரபினர் கண்டது உண்மையே: டிரிப்பர் விழாது, கேக்கும் வேகும். ஆனால் கசிவு எங்கும் போகாமல் அடுப்பின் தகட்டில் நிற்கும். அடுத்து ஈரக்கையோடு கதவைத் திறப்பவரே எர்த் வயராவார். உண்மை சொன்ன சாட்சியை ஊரைவிட்டு விரட்டிய வழக்கு இது. அந்த ஈரக்கை பெரும்பாலும் அதைக் கழற்றியவரின் கையாக இராது என்பதும் நோக்கத்தக்கது.

பரிகாரம்: பிளக்கைப் பிடுங்கி, காயிலைக் கழற்றி, நன்றாகச் சூடேற்றி உலர்த்துக. மார்கழி வெயில் போதாது. இன்னோர் ஓவன் வேண்டும். உலர்ந்தும் கசிந்தால் புதுக் காயில்தான். கடைக்காரர் மாடல் எண் கேட்பார். அது அச்சான ஸ்டிக்கர் போன வருஷத்து வெண்ணெயில் அழிந்திருக்கும். அதன் பாடமீட்பு தனி ஆய்வுக்குரியது.