வெங்காயத் தோலுக்கு வந்த யோகம்

பிள்ளை, "அப்பு, வெங்காயத் தோலை எறியாதேங்கோ, நான் வந்து துணிக்குச் சாயம் போடப்போறன்" எண்டு நீ லண்டனில இருந்து சொன்னாலும் சொன்னாய், எங்கட குசினிக் குப்பைக்கு மரியாதை கூடிப்போச்சு. ஆச்சி இப்ப தோலைத் துடைச்சுப் பையில போட்டு முடிச்சுக் கட்டிவைக்கிறா. உரிச்ச வெங்காயம் திண்ணையில வெயில் காயுது. இண்டைக்குச் சொதிக்கு வெங்காயம் இல்லை, ஆனால் தோல் பத்திரமாய் இருக்கு.

நீ வந்திறங்க முதல் இந்தக் கிழவன்ர புத்தி நாலைக் கேட்டுவை. கேட்டுப்போட்டு விட்டாலும் குறையில்லை. கொப்பனும் அப்பிடித்தான் வளந்தவன்.

முதற் புத்தி துணியைப் பற்றி. குப்பையில சாயம் போடுறதெண்டால் முதல்ல புதுத்துணி வாங்கவேணும் எண்டு உனக்கு ஆரோ சொல்லியிருப்பினம். நல்லது. இரசாயன உரம் போடாமல் வளத்த பருத்தியாய்ப் பார். இந்தியாவில நெய்து, இன்னொரு நாட்டில வெட்டி, கப்பலில லண்டனுக்கு வந்ததை நீ பிளேனில ஏத்தி வல்வெட்டித்துறைக்குக் கொண்டுவா. ஒரு பிடி குப்பையை மிச்சம் பிடிக்க எவ்வளவு செலவழிக்கலாம் எண்டதை உன்னட்டைப் பாத்து ஊரே படிக்கட்டும்.

செலவு வேண்டாமெண்டால் என்ர அலுமாரியைத் திற. பழைய வேட்டி கிடக்கு. எத்தினையோ தரம் தோய்ச்சுத் தோய்ச்சு, கடையில போட்ட கஞ்சியும் பசையும் போன துணி. சாயம் அதில ஏறுறமாதிரிப் புதுசில ஏறாது. வேட்டி எண்டு எழுதினதெல்லாம் பருத்தி எண்டும் நம்பாதை. கரையில ஒரு நூலை உருவி நெருப்பில காட்டு. கடதாசி எரிஞ்ச மணத்தோடை சாம்பலாய்ப் போனால் பருத்தி. உருகிக் கறுத்த மணியாய்த் திரண்டால் பொலியெஸ்ரர். அதுக்கு நீ வெங்காயத் தோலில்லை, வெங்காயத் தோட்டத்தையே அவிச்சு ஊத்தினாலும் ஏறாது.

இரண்டாம் புத்தி: சாயச் சட்டியை அடுப்பில ஏத்த முதல் ஊசியை எடு. நிறத்தைப் பற்றிக் கதைக்கிற நீங்கள் ஒருத்தரும் கிழிசலைப் பற்றிக் கதைக்கிறியள் இல்லை. கிழிஞ்சதைத் தைச்சுப்போட்டுத்தான் சாயத்தில தோய்க்கவேணும். அப்பத்தான் நூலும் துணியும் ஒரே நிறத்தில வரும். அந்த நூலும் பருத்தி நூலாய் இருக்கவேணும். கடையில வாங்கிற பளபளப்பு நூலில தைச்சாயெண்டால், துணி பொன்னிறத்தில நிக்க, தையல் மட்டும் வெள்ளைப் பல்லுக் காட்டிச் சிரிக்கும். புத்த பிக்குமாரின்ர சீவரமும் இதே ஒழுங்குதான்: துண்டு துண்டாய் வெட்டி, தைச்சு, அதுக்குப் பிறகுதான் சாயம். பலாமர வைரத்தைச் சீவி அவிச்ச மஞ்சள் தண்ணியில தோய்க்கிறது இலங்கையில பழைய வழக்கம்.

ஊசி பொம்பிளையளின்ர சாமான் எண்டு உன்ர தம்பி பகிடி பண்ணுவான். அவனைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லு: இந்த ஊர் ஆம்பிளையள் ஊசியால கடல் தாண்டினவை. இஞ்சை கட்டின 'அன்னபூரணி' எண்ட பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கன் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' எண்டு பேரை மாத்தி, எங்கட ஊர் ஆக்களையே ஓட்டச் சொன்னான். 1938ல அது அமெரிக்காவில குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேந்துது. நடுக்கடலில பாய் கிழிஞ்சால் தையல்கடை தேடேலாது. உள்ளங்கையில தோலைக் கட்டி, நூலுக்கு மெழுகு பூசி, ஊசியை உள்ளங்கையால தள்ளித் தள்ளித் தைக்கவேணும். தையல் விட்டால் காத்துக்கு வழி, காத்துக்கு வழி விட்டால் உயிருக்கு வழியில்லை. இப்பத்தைப் பெடியள் தைப்பொங்கலுக்கு உதயசூரியன் கடற்கரையில விடப்போற பட்டத்துக்கு எத்தினை இரவெண்டாலும் நித்திரை முழிப்பினம். சாரத்தில ஒரு விரல்க்கடைக் கிழிசலைத் தைக்கச் சொல்லு, கண் மங்குது எண்டுவினம்.

தைச்சாச்சோ? இனித் தோய்ச்சு எடு. துணியில எண்ணெயும் அழுக்கும் இருந்தால் சாயம் திட்டுத் திட்டாய்ப் பிடிக்கும். சலவைச்சோடா கொஞ்சம் போட்டு நல்லாய்க் கொதிக்க விடு. தண்ணி தேத்தண்ணி நிறத்தில வரும். அதைப் பாத்துச் "சாயம் பிடிச்சிட்டுது அப்பு" எண்டு கத்தாதை, அது என்ர வேர்வை.

சோடாவும் சவுக்காரமும் பாவிக்கமாட்டன், எல்லாம் இயற்கையாய் இருக்கவேணும் எண்டால் அதுக்கும் எங்களிட்டை வழி இருக்கு. 1990க்குப் பிறகு எங்கட பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை எண்டு வந்துது. சவுக்காரம் கிடைக்காது, கிடைச்சாலும் வாங்கேலாத விலை. சனம் பனம்பழத்தைப் பிசைஞ்சு அந்தக் களியில உடுப்புத் தோய்ச்சுது. ஊத்தை போச்சுத்தான். ஆனால் கொடியில காயப்போட்ட சட்டையைப் பனம்பழ வாசத்துக்கு மாடு வந்து சப்பிப்போட்டுது. லண்டனில நீ இதைப் போத்தலில அடைச்சு விக்கலாம். மாட்டைத் தனிய வாங்கச் சொல்லு.

மூண்டாம் புத்தி, தரகர் இல்லாமல் காரியம் நடவாது. வெங்காயத் தோலை அவிச்சுத் துணியைப் போட்டால் நிறம் வரும், தோய்க்கத் தோய்க்கப் போயிடும். சாயத்துக்கும் துணிக்கும் கலியாணம் பேசி வைக்கிறது படிகாரம். மற்றத் தரகர்மார் காசை வாங்கிக்கொண்டு பந்தி முடிய நடையைக் கட்டுவினம். படிகாரத் தரகர் வீட்டோட தங்கி, ஒரு கையால துணியையும் மற்றக் கையால சாயத்தையும் பிடிச்சுக்கொண்டிருப்பார். பருத்தி கொஞ்சம் பிகு பண்ணுற பொம்பிளை. தரகர் வர முதல் துவர்ப்புக் குடுத்து மனத்தை இளக்கவேணும். கடுக்காய்த் தூளோ மாதுளங்கோதோ அவிச்ச தண்ணியில துணியை ஒரு இரவு ஊறவிட்டால் காணும். பிறகு 100 கிராம் துணிக்கு 10, 15 கிராம் படிகாரம் இளஞ்சூட்டுத் தண்ணியில கரைச்சு ஊறவை. அதுக்குப் பிறகுதான் தோல்.

தோல் எவ்வளவு? நல்லாய்ப் பிடிக்கவேணுமெண்டால் துணியின்ர நிறைக்குத் தோலும் வேணும். 100 கிராம் துணிக்கு 100 கிராம் தோல். காத்துக்குப் பறக்கிற அந்தச் சருகு 100 கிராம் சேர எத்தினை கிலோ வெங்காயம் உரிக்கவேணும் எண்டு ஆச்சியைக் கேள். கேக்கேக்க கிட்ட நிக்காதை. தோலுக்காக வெங்காயம் வாங்கி, ஒரு கிழமைக்குக் காலமை மத்தியானம் இரவு வெங்காயக் குழம்பு வைக்கிற விளையாட்டு எங்களுக்கு வேண்டாம். நெல்லியடிச் சந்தைக்குப் போ. வெங்காயக்காரர் கால்மாட்டில தோல் குவிஞ்சு கிடக்கும். பையை நீட்டிக் கேள். உன்னை ஒரு மாதிரிப் பாப்பினம், ஆனால் தருவினம்.

தோலை ஒரு மணித்தியாலம் அவிச்சு வடி. துணியைப் போட்டுக் கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில வைச்சு, ஆறவிட்டு, விடிய எடு. நிழலில காயவிடு. எவர்சில்வர்ச் சட்டி நல்லது. அலுமினியச் சட்டி தானும் இடையில புகுந்து தரகு பாக்கும். இரும்புச் சட்டி நிறத்தை மங்கடிக்கும். எந்தச் சட்டியெண்டாலும் பிறகு அதில சோறு ஆக்காதை. ஆச்சியின்ர புட்டுப்பானையில கைவைச்சாயெண்டால் எனக்கும் இந்தக் கடிதத்துக்கும் ஒரு சம்பந்தமுமில்லை.

பச்சை நிறம் வேணுமெண்டால் துருவைச் சேர். இந்த உப்புக்காத்தில துருவுக்குப் பஞ்சமோ? என்ர படலைக் கீல் ஒண்டே காணும். துருப்பிடிச்ச ஆணியை வினாகிரியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைச் சாயத்துக்குள்ள துளி போல விட்டால் வெங்காய மஞ்சள் பாசிப் பச்சையாய் மாறும். கடுக்காயில ஊறின துணியெண்டால் கறுக்கும். இந்தியாவில காளாத்தியில துணிக்குச் சித்திரம் தீட்டுற கலம்காரிக்காரர் வெல்லத்தோடை இரும்பைப் புளிக்கவைச்சுத்தான் கறுப்பு எடுக்கினம். ஆனால் ஆசைப்பட்டுக் கூட ஊத்தாதை. இரும்பு கூடினால் துணி நாளடைவில இத்துப்போகும், பிறகு திரும்பவும் இரண்டாம் புத்திக்கு வரவேணும்.

நாலாம் புத்தி, வடிவைக் கண்டு மயங்காதை. பீற்றூட் அவிச்ச தண்ணி இருக்கே, சட்டியில பாத்தால் ராசாவின்ர பட்டு. துணியில போட்டு இரண்டு தரம் அலசினால் சாயம் வெளுத்துப்போம். மஞ்சள் அதைவிடக் கெட்டிக்காரன். உடனை பிடிக்கும், பளிச்செண்டு நிக்கும், வெயிலைக் கண்டால் ஓடிப்போம். வேட்டியில ஊத்தின கறிக்கறை வெயிலில காயக் காய மறையிறதைக் கண்டிருப்பாய். சவுக்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும்; ஆலாத்தித் தட்டில மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்து சிவக்கிற அதே வித்தைதான். உன்ர சிநேகிதிக்கு மஞ்சள் லேஞ்சி தைச்சுக் குடுத்தாயெண்டால், சவுக்காரம் போட்டுத் தோய்ச்ச நாளில உன்னைப் பிடிச்சு ஏசுவாள். இதுக்கெல்லாம் எதிர்மாறு வாழைக்கயர். பொத்தி அரியேக்க சீலையில ஒரு சொட்டு விழுந்தால் சீலை கிழிஞ்சாலும் கறை போகாது. பிடிக்கவேணும் எண்டு நாங்கள் மினக்கெடுறது பிடிக்கிறதில்லை. போகவேணும் எண்டு மினக்கெடுறது போறதில்லை. குசினிச் சாமானுக்கும் குணம் இருக்கு.

இன்னொண்டு, பிள்ளை. லண்டனுக்குத் திரும்பிப் போய், "எங்கட ஆச்சிமார் எல்லாரும் குசினியில சாயம் காய்ச்சினவை" எண்டு படம் போட்டுக் காட்டாதை. ஆச்சிமார் காசு கையில கிடைச்ச அண்டைக்கே கடைக்குப் போய்ப் பூப்போட்ட சீத்தை வாங்கினவை. இஞ்சை வீட்டுக்காரர் காய்ச்சின சாயம் வலைக்குத்தான். பருத்தி வலை உப்புத்தண்ணியில உக்கிப்போகும் எண்டு மரப்பட்டை, பனிச்சங்காய் அவிச்ச துவர்ப்பில தோய்ச்சு எடுத்தவை. வடிவுக்கில்லை, வயித்துக்கு. நைலோன் வலை வந்த அண்டைக்கு அந்தச் சட்டியைக் கவிட்டு வைச்சவைதான், ஒருத்தரும் அழேல்லை.

பேர்பெற்ற சாயம் எங்களிட்டை இருந்தது உண்மை. அது குப்பையில இல்லை, மண்ணுக்கை இருந்துது. சாயவேர் எண்டு பேர், வைத்தியர்மார் இம்பூரல் எண்டுவினம். மன்னாரிலயும் தீவுப் பக்கங்களிலயும் மணலில முளைக்கிற சின்னப் பூண்டு. செடியைப் பாத்தால் ஆடும் திரும்பிப் பாராது, வேரில இரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்புக்குச் சுண்ணாம்பு கலந்த தண்ணி தோதானது. கேத்திலுக்கை வெள்ளையாய்ப் படியுதெண்டு நீ முகம் சுளிக்கிற எங்கட கிணத்துத் தண்ணிதான். 1697ல யாழ்ப்பாணத்தில இருந்த ஸ்வார்டெகுரோன் எண்ட ஒல்லாந்தத் துரை, பின்னால வாறவைக்கு எழுதிவைச்ச குறிப்பில யானை, பனை, சங்கோடை இந்த வேரையும் விடேல்லை. வேர் தோண்டிக் குடுக்கிறது ஒரு கூட்டத்துக்கு ஊழியம். குனிஞ்சு தோண்டினவன்ர முதுகு இஞ்சை, உடுத்தவன்ர சிவப்பு எங்கையோ. 1868ல கிரேபே, லீபர்மான் எண்ட இரண்டு ஜேர்மன்காரர் இந்த வகை வேர்களில இருக்கிற அந்தச் சிவப்பை நிலக்கரித் தாரில இருந்து செய்து காட்டினதோடை வேருக்குச் சந்தை விழுந்துது. அதால இயற்கைச் சாயம் எண்டால் பழங்காலத்துப் பால்நிலா எண்டு கவிதை எழுதமுதல், தோண்டினவனையும் ஒருக்கால் நினை.

இவ்வளவும் சொன்னாப் பிறகும் நீ போடத்தான் போறாய். போடு. நிறம் மங்கினால் கவலைப்படாதை, அடுத்த மாதம் சேந்த தோலில இன்னொருக்கால் தோய். கிழிஞ்சால் இன்னொரு ஒட்டுப் போடு. உதுக்குப் பேர் வைச்சு விக்கவும் ஏலும். எங்கட காலத்தில சாயம் போனால் கடைக்காரனைக் கிழிப்பம். இப்ப சாயம் போனால் "இயற்கை" எண்டு சொல்லிக் கூட விலை கேக்கலாம். கனடாக்காரருக்கு டொலரில சொல்லு, லண்டன்காரருக்குப் பவுணில சொல்லு. ஊர்ச் சனத்துக்கு மட்டும் விலை சொல்லிப்போடாதை. அதுகளுக்கு வெங்காயம் என்ன விலை எண்டு தெரியும்.