நம்ம ஆளும் புது ஆளும்

தமிழ்நாட்டுச் சிற்றூர் சலூன்காரருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: நம்ம ஆள், புது ஆள். வயது, வருமானம், கட்சி எதுவும் இதில் குறுக்கிடாது. மாதம் தவறாமல் வந்து தலையை ஒப்படைப்பவர் நம்ம ஆள். பேருந்தைத் தவறவிட்டவர், மாமனார் ஊருக்கு வந்தவர், காலை முகூர்த்தத்தை நினைத்து முந்தின நாள் மாலை தாடையைத் தடவிப் பார்த்தவர் ஆகியோர் புது ஆள்.

புது ஆள் கதவைத் தள்ளியதும் “வாங்க சார், கட்டிங்கா, ஷேவிங்கா?” என்று குரல் வரும். துண்டு உதறப்படும், நாற்காலி தட்டப்படும், மின்விசிறி வேகம் பிடிக்கும். நம்ம ஆள் நுழையும்போது இவற்றில் ஒன்றும் நடக்காது. சலூன்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் உருவத்துக்கு லேசாகத் தலையசைப்பார். அவரும் கண்ணாடிக்கே பதில் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து, தினத்தந்தியின் நடுத்தாள் யாரிடம் இருக்கிறது என்று தேடத் தொடங்குவார்.

பெஞ்சில்தான் நம்ம ஆளின் உண்மையான அந்தஸ்து தெரியவரும். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் பலருக்கு ஆகாது. பிறந்த கிழமையில் வெட்டக்கூடாதென்று இன்னும் சிலர் இருக்கிறார்கள். கழித்ததெல்லாம் போக எஞ்சுவது ஞாயிறு. அன்று முறைப்படி நம்ம ஆளின் முறை வரும் நேரத்தில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு புது ஆள் வருவார். “அண்ணே, நீங்க நம்ம ஆளு, செத்த நேரம் உக்காருங்க. இவரு பஸ்சுக்குப் போகணுமாம்.” உரிமை என்பது இவ்வாறு காத்திருப்பதற்கான உரிமையாகவே பெரும்பாலும் வழங்கப்படுகிறது. தூத்துக்குடியில் பொன் மாரியப்பன் தம் சலூனில் நூலகமே அமைத்து, படிப்பவர்களுக்குக் கட்டணச் சலுகையும் அளித்தார். 2020 அக்டோபரில் பிரதமரின் வானொலி உரையில் அந்தக் கடை இடம்பெற்றது. அங்கே காத்திருப்பதற்கு ஒரு பலன் உண்டு. மற்ற கடைகளில் நடுத்தாள்தான்.

நாற்காலியில் ஏறிய புது ஆளை முதலில் விசாரணை எதிர்கொள்கிறது. மீடியமா, ஷார்ட்டா? கிருதா எவ்வளவு? மெஷின் போடலாமா, எத்தனையாம் நம்பர்? மெஷினில் 2-ஆம் நம்பர் சீப்பு மாட்டினால் சுமார் 6 மில்லிமீட்டர் முடி மிஞ்சும். 4-ஆம் நம்பருக்குச் சுமார் 13 மில்லிமீட்டர். இந்தக் கணக்கு தெரியாத புது ஆள், பெரிய நம்பர் என்றால் பெரிய வெட்டு என்று நினைத்து, அடக்கமாக “ஒண்ணு போதும்” என்பார். மிஞ்சுவது 3 மில்லிமீட்டர். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், கல்யாண ஆல்பம் முழுவதும் அந்த அடக்கம் பதிவாகிவிடும்.

நம்ம ஆளிடம் கேள்வியே கிடையாது. உச்சியில் இரட்டைச் சுழி, இடக்காதுக்குப் பின்னால் மரு, முகவாயில் பிளேடு எந்தப் பக்கம் போனால் கீறும் என்பதெல்லாம் சலூன்காரரின் கைக்கே மனப்பாடம். கத்தரி தன் போக்கில் வேலை செய்ய, பேச்சு மகளின் வரனையும் வரப்புத் தகராறையும் சுற்றிவரும். சிக்கல் என்னவென்றால், கேட்காத இடத்தில் சொல்லவும் முடியாது. கல்லூரி நாளில் அவர் எப்போதோ கேட்ட ஸ்டெப் கட்டிங், முன்தலை வழுக்கையான பிறகும் பின்னால் அமலில் இருக்கும். “இந்தத் தடவை மட்டும் கொஞ்சம்...” என்று அவர் இழுத்தால், “உங்க முகத்துக்கு அது எடுக்காதுண்ணே” என்று வழக்கு முடிந்துவிடும்.

வேலை முடிந்ததும் புது ஆளுக்குப் பின்னால் கைக்கண்ணாடி பிடித்துக் காட்டப்படுகிறது. வெட்டிய முடியை ஒட்டவைக்க வழியில்லாததால் எல்லாப் புது ஆள்களும் “சூப்பர்” என்றே சொல்கிறார்கள். நம்ம ஆளுக்குக் கண்ணாடி கிடையாது. அதற்கு ஈடாகத் தலையில் படபடவென்று நாலு தட்டு, கழுத்தில் ஒரு சொடுக்கு. கழுத்தை இப்படி வெடுக்கென்று திருப்பினால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழியக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். சலுகையை மறுத்தால் உறவு கெடும் என்று நம்ம ஆள் கண்ணை மூடிக்கொள்கிறார்.

கட்டணம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புது ஆள் பலகையில் உள்ளதைத் தருவார். நம்ம ஆள் போன வருடப் பலகையில் இருந்ததைத் தருவார்.

நம்ம ஆள் செய்யக்கூடாத ஒரே குற்றம், வெளியூரில் முடிவெட்டிக்கொள்வது. அடுத்த முறை துண்டைப் போர்த்தும்போதே பிடரியில் ஓடும் விரல் நின்றுவிடும். “எங்கண்ணே வெட்டுனீங்க?” அவசரமாகப் போக வேண்டியிருந்தது, உறவில் ஒரு காரியம் என்று வாக்குமூலம் தொடரும். “ஒண்ணுமில்ல, ஏத்த இறக்கமா இருக்கு. ரெண்டு மாசத்துல சரி பண்ணிடலாம்.” அந்த இரண்டு மாதமும் அவர் தண்டனைக் கைதி; முறை வந்தாலும் வராவிட்டாலும் வாய் திறக்க முடியாது.

நடக்க முடியாமல் போன பழைய நம்ம ஆள்களுக்குச் செவ்வாய் விடுமுறையில் வீட்டுக்கே போய் வெட்டிவிடும் வழக்கமும் உண்டு. திண்ணையில் தாத்தாவுக்கு எஞ்சியிருக்கும் நாலு முடியை அரைமணி நேரம் திருத்துவார்கள். அப்போது, நகரத்து ஏசி சலூனில் ஆன்லைனில் நேரம் குறித்து, மெம்பர்ஷிப் கார்டோடு வெட்டிக்கொண்ட பேரன் காபி டம்ளருடன் வெளியே வருவான். சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு அவன் பிடரியைப் பார்ப்பார். “யாரு தம்பி இதை வெட்டுனது?”