நாட்டைச் சுற்ற அரை மணி

கே: நடுக்கடல் தீவொன்றில் அடுத்த விமானத்துக்கு அரை நாள் காத்திருக்கும் பயணி என்ன செய்வார்?

ப: நவூருவில் என்றால் நாட்டையே சுற்றிவிடுவார்! மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். கடலோரச் சாலை ஏறத்தாழ 19 கிலோமீட்டர். காரில் அரை மணி போதும். நாடாளுமன்றம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. (வெளிநடப்பு செய்பவர்களுக்கு எவ்வளவு வசதி!)

மிச்ச நேரத்தைத் தீவின் நடுமேட்டுக்குக் கொடுக்கலாம். பாஸ்பேட்டைச் சுரண்டி எடுத்த இடமெல்லாம் சுண்ணாம்புப் பாறைகள் எலும்புக்கூடுகளாய் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பாஸ்பேட்டை விற்றே 1970களில், தலைக்கு வருமானக் கணக்கில் உலகப் பணக்காரர் வரிசையில் நின்றது நவூரு. விற்றுத் தீர்ந்ததும் கடன்காரர்கள் வந்தார்கள். அதே மேட்டில், கமாண்ட் ரிட்ஜ் என்ற குன்றின் உச்சியில் இரண்டாம் உலகப்போர் கால ஜப்பானியப் பீரங்கிகள் இன்றும் துருவேறிக் கிடக்கின்றன.

விசாவை மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும். தீவு சிறிதென்றாலும் குடியேற்ற அதிகாரிக்கு முழு அதிகாரம் உண்டு.