டீன் மாப்ளைக்கு

மாப்ள, டீன் நாற்காலியில உக்காந்து மூணு மாசம் ஆகல, அதுக்குள்ள ஆஸ்பத்திரிய இடிச்சு மாத்தப்போறியாம்ல. பிளான்ல இன்ஜினியர் மொதல்ல உன் ரூமத்தான் போட்டானாம், மூணாம் மாடியில, கூச்சல் எட்டாத மூலையாப் பாத்து. கெட்டிக்காரன்! ஆறு மாசம் அங்க இருந்தா, "நோயாளிகளிடம் குறை ஏதும் இல்லை"ன்னு மேலிடத்துக்கு நீயே எழுதுவ. பொய்யும் இல்லப்பா, உன் காதுக்கு எட்டாதுல்ல.

போன வருசம் காலு ஒடிஞ்சு ஒரு ஆஸ்பத்திரியில கெடந்தேன். பேரு எதுக்கு? வாசல்ல கிரானைட்டு, நீரூத்து, எல்லாம் புதுசு. எக்ஸ்ரே ரூம் முக்குல ஸ்ட்ரெச்சர் திரும்பல. சப்பரத்தக் கீழத்தெரு முக்குல திருப்புவோமே, அதே மாதிரி நாலு பேரு என்னையத் தூக்கித் திருப்புனாங்க. குளுக்கோஸ் பாட்டிலப் பிடிச்சிருந்த பய, "பெருசு, காலக் கொஞ்சம் மடக்குங்க"ங்கிறான். ஒடிஞ்சதே அந்தக் காலுதாண்டா!

சென்னை ஓமந்தூரார் தோட்டத்துக் கட்டடத்தப் பாரு. 2010ல சட்டசபைக்கும் தலைமைச் செயலகத்துக்கும்னு திறந்தாங்க. ஆட்சி மாறுச்சு, 2014ல அதுவே ஆஸ்பத்திரி. ஃபைலு முக்குல முட்டினா ஐயோங்குமா? கட்டிலோட வர்றவன் கத்துவான்.

உன் பிளான்ல வேப்பமரத்த வெட்டிட்டுக் கார் ஷெட்டாமே. உன் காருக்கு வெயிலு ஆகாதுதான். அமெரிக்காவுல ரோஜர் உல்ரிச்னு ஒருத்தரு, பித்தப்பை ஆபரேசன் ஆனவங்க ஏட்டப் புரட்டி 1984ல எழுதிவச்சாரு. ஜன்னல்ல மரம் தெரிஞ்ச 23 பேரு, செங்கச் சுவரப் பாத்துக் கெடந்த 23 பேரவிட சராசரியா முக்கா நாளு முன்னாடி வீட்டுக்குப் போயிருக்காங்க. வீரியமான வலி மருந்தும் அவங்களுக்குக் கம்மியாத்தான் தேவைப்பட்டுச்சாம். ஷெட்டு யாருக்கு வலியக் கொறைச்சுச்சுன்னு எவனும் எழுதக் காணோம்.

இடிக்கிறப்ப வார்டு வாசல்ல பச்சைத் துணிய மாட்டிட்டு, "மூடியாச்சு"ன்னு கையெழுத்துப் போட்டுறாத. அந்தத் தூசியில பூஞ்சை விதை வரும். உடம்பு நொந்தவன் நுரையீரல்ல குடியேறிரும்னு நீ படிச்சவன்தான, நானா சொல்லணும்?

அப்புறம் ஒண்ணு. பிளான்ல கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி, ஸ்ட்ரெச்சர்ல படுத்து கேஷுவால்டியில இருந்து தியேட்டர் வரைக்கும் ஒருக்கா போய்ப் பாரு. தள்ளுறவன்கிட்ட நீ டீன்னு மட்டும் சொல்லிறாத.

திங்கக்கிழமை காலக் காட்ட வர்றேன். மூணு மாடி என்னால ஏற முடியாது, நீயே கீழ வந்துரு.