காசு கொடுத்து வாங்கிய புகை

புகையை வீட்டை விட்டு விரட்ட எங்கள் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறை ஆனது. அதை நான் ஆயிரத்துச் சொச்சம் டாலர் கொடுத்துத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறேன். டெலிவரிக் கட்டணம் தனி.

பரமக்குடி வீட்டு அடுப்படிச் சுவருக்கு முதலில் என்ன நிறம் அடித்திருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எரிந்ததெல்லாம் சீமைக் கருவேலம். ஐப்பசியில் விறகு நனைந்துவிட்டால் அப்பத்தா ஊதாங்குழலோடு மல்லுக்கட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுப்பையும் மழையையும் தாத்தாவையும் ஒரே மூச்சில் வையும். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்கு கேஸ் வந்தது. 2007-லிருந்து அரசாங்கமே இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்க, தெருவில் மிச்சமிருந்த புகையும் ஒவ்வொரு வீடாக விடைபெற்றது.

இப்போது ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில், என் வீட்டுக் கொல்லையில் நாலு கால் வைத்த கறுப்பு பீப்பாய் ஒன்று நிற்கிறது. பெயர் பெல்லட் கிரில். பக்கவாட்டுப் பெட்டியில் மர உருண்டைகளைக் கொட்டினால், உள்ளே ஒரு திருகு சுழன்று அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்துக்குள் தள்ளும். மின்கம்பி சூடேறிப் பற்றவைக்கும், விசிறி காற்றடிக்கும். எவ்வளவு சூடு என்று போனில் சொல்லிவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். அப்பத்தாவின் கை, வாய், கண் மூன்றுக்கும் சேர்த்து ஒரு சர்க்யூட் போர்டு.

அந்த உருண்டைகளின் சங்கதிதான் எனக்கு நெடுநாள் உறுத்தியது. சுண்டுவிரலை விட ஒல்லி, ஆறு மில்லிமீட்டர். இழைப்புளித் தூளையும் ரம்பத்தூளையும் பெரும் அழுத்தத்தில் துளை வழியே பிதுக்கினால், அந்தச் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, பசை இல்லாமலே ஒட்டிக்கொள்கிறது. இருபது பவுண்டு பை, அதாவது ஒன்பது கிலோ. ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி என்று வாசனைக்கு ஒரு பை. அந்த வரிசையில் கம்பீரமாக மெஸ்கீட் என்று ஒன்று. டெக்சாஸ்காரர்கள் உருகி உருகிப் பேசும் மெஸ்கீட், நம் சீமைக் கருவேலத்தின் பங்காளி. ராமநாதபுரம் ஜில்லாவில் வேரோடு பிடுங்கச் சொல்லி கோர்ட் வரை போன மரத்தின் உடன்பிறப்புக்கு இங்கே பளபளக்கும் பையும் பார்கோடும்.

மரத்தூளை எரிப்பது எங்களுக்கும் புதிதல்ல. விறகு விலை ஏறிய காலத்தில் அம்மா தூள் அடுப்புக்கு மாறியது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மரவாடிக்குப் போவது என் வேலை. சில்லறைக் காசுக்கு அள்ளிக்கொள்ளலாம். அடியில் பக்கவாட்டுத் துளை போட்ட தகர டின், நடுவில் ஒரு சோடா பாட்டில், துளை வழியாக பாட்டிலைத் தொடும்படி ஒரு குச்சி. சுற்றிலும் தூளைக் கொட்டி, குழவியால் இடித்து இடித்து இறுக்க வேண்டும். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகி உருவ வேண்டும். சரிந்தால் முதலிலிருந்து. சரியாமல் நின்றால், கீழ்த்துளையில் மண்ணெண்ணெய் துணியைச் செருகிப் பற்றவைத்துவிட்டு அம்மா தண்ணிக் குழாய்க்குப் போய்விடும். உள்ளிருந்து வெளியே மெல்ல எரிந்து, சோறும் குழம்பும் முடிந்து வெந்நீரும் காயும். இப்போது கிரில் விளம்பரங்கள் ‘பற்றவையுங்கள், மறந்துவிடுங்கள்’ என்கிற பாணியில் பேசும்போது, தகர டின் நினைவுக்கு வராமல் இல்லை.

இரண்டுக்கும் பின்னால் கிட்டத்தட்ட ஒரே பஞ்சம்தான். 1973-ல் எண்ணெய் விலை எகிறிய பிறகு அமெரிக்காவில் வீட்டைச் சூடாக்க வழி தேடியவர்கள் மர உருண்டை அடுப்புகளுக்கு வந்தார்கள். அதிலிருந்து ஓரிகன் மாநிலத்து மவுண்ட் ஏஞ்சல் ஊர்க்காரர் ஜோ டிரேகர் கறி சுடும் அடுப்பை உண்டாக்கி, 1986-ல் காப்புரிமை வாங்கினார். 2006-ல் அது காலாவதியானதும் ஆளாளுக்குச் செய்யத் தொடங்கினார்கள். எங்கள் டின்னுக்குக் காப்புரிமை கேட்டு யாரும் போகவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பரம்பரை டெக்சாஸ்காரர். என் அடுப்பை அவர் அடுப்பாகவே மதிப்பதில்லை. கேக் சுடும் சாதனம் என்பார். அவருடையது பக்கத்தில் நெருப்புப் பெட்டி வைத்த இரும்பு உருளை. போஸ்ட் ஓக் மரத்தைத் தானே கோடாலியால் பிளந்து, விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து தீ மூட்டி, மாட்டின் மார்புக்கறியான பிரிஸ்கெட்டைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காவல் காப்பார். 107 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்த கறி, 65-லிருந்து 75-க்குள் எங்கோ வந்ததும் மணிக்கணக்காக நின்றுவிடும். மேலே கசியும் ஈரம் ஆவியாகி, ஏறும் சூட்டை ஏறவிடாமல் குளிர்விப்பதுதான் காரணம். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பிரசவ வார்டு வாசல். 95-ஐத் தொட்டால்தான் கொலாஜன் கரைந்து கறி பூப்போல் விழும். விறகு பிளப்பதும் இரவு முழுக்க அடுப்பைக் காப்பதும் எங்கள் ஊரில் கூலிக்குச் செய்த வேலை. இங்கே சனி, ஞாயிறு ஓய்வு என்று அதற்குப் பெயர்.

2021 பிப்ரவரிப் பனியில் டெக்சாஸ் மின்சாரம் படுத்துக்கொண்டது. கராஜில் பை பையாக எரிபொருள். கொல்லையில் புத்தம் புது அடுப்பு. தீ மட்டும் இல்லை. திருகு சுழல, விசிறி ஓட, கம்பி காய எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். பக்கத்து வீட்டில் ஓக் கட்டை ஜம்மென்று எரிந்தது. அவரே வந்து எங்களுக்கு வெந்நீர் கொடுத்தார். கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அம்மா ஆறு மாத விசாவில் வந்தபோது, கொல்லைக்குப் போன முதல் நாளே ஓர் உருண்டையை எடுத்து விரலால் நசுக்கி முகர்ந்தது.

“ஏய்யா, மரத்தூளத்தான திரிச்சு வச்சிருக்கான்?”

“ஆமாம்மா.”

“இதுக்குப் போயா காசு குடுத்த?”

அதைவிட அபத்தமான செலவை நான் சொல்லவில்லை. இந்த அடுப்பு எரிவது அவ்வளவு சுத்தம். கறியில் புகை வாசனை போதவில்லை என்பது இதை வாங்கியவர்களின் பொதுப் புலம்பல். அதற்காகத் துளை போட்ட எஃகுக் குழாய் ஒன்று விற்கிறார்கள். அதில் உருண்டைகளை அடைத்து ஒரு முனையில் பற்றவைத்து உள்ளே வைத்தால், மணிக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். மின்சாரம் வேண்டாம். புகை இல்லாத அடுப்பும் வாங்கி, அதற்குப் புகையும் வாங்கினேன்.

அம்மா மாட்டுக்கறி தொடாது. அதனால் அந்த வார ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ஆட்டுத் தொடை. மிளகும் உப்பும் மட்டும் தடவி, எலும்போரம் வெப்பமானியைச் செருகிக் காலையிலேயே ஏற்றினேன். சாயங்காலம் மேலே கருந்தோல் கட்டி, ஓரத்தில் ஒரு துண்டு அறுத்தால் உள்ளே செக்கச்செவேலென்று வளையம். புகையிலுள்ள வாயுக்கள் தசை நிறமியோடு சேர்ந்து உண்டாக்குகிற அந்தச் சிவப்புக்கு இங்கே தனி மரியாதை. அம்மா எட்டிப் பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை. கறி இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று மூடியைச் சாத்திவிட்டு, விருந்தினருக்கு நாற்காலி போட முன்ஹாலுக்குப் போனேன்.

கறியின் வெப்பநிலை திடீரென்று சரிந்துவிட்டதாக போனில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. உள்ளே குக்கர் இரண்டாவது விசில் அடித்தது.